மரக்கிளையில் கட்டிய சோறு: தொரப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் வரை

முதல் நாள், ஏப்ரல் 10. தொரப்பள்ளி

போன மாதம் சேலத்துக்குப் பக்கத்து இளம்பிள்ளையில் எங்கள் பழைய வீட்டை இடித்தோம். பரணைக் காலி செய்தபோது உளுத்துப்போன தறிச் சாமான்களுக்கு அடியில் ஒரு கண்ணாடிச் சட்டம் கிடைத்தது. ஏதோ பத்திரிகையில் வெட்டிய படம். வழுக்கைத் தலை, கறுப்புக் கண்ணாடி, தோளில் துண்டு. ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. ராஜாஜி.

அந்தப் படத்தை மாட்டியது அப்பாவின் ஆயா, எங்களுக்குப் பெரிய ஆயா. கழற்றிப் பரணில் போட்டது பெரியப்பா. மாட்டியதற்கும் காரணம் உண்டு, கழற்றியதற்கும் காரணம் உண்டு. இரண்டையும் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அண்ணன் போனில், "இதை என்னம்மா பண்றது? பெரியப்பா குப்பையில போடுங்கறாரு, எனக்கு மனசு வரல" என்றான். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூட விடுமுறைக்கு முன்பே ஒரு வாரம் விடுப்பு போட்டு இன்று கிளம்பிவிட்டேன். அவர் பிறந்த ஊரில் தொடங்கி, அவர் உப்பு அள்ளிய ஊரில் முடிப்பதாக எண்ணம். ஒவ்வொரு நாள் இரவும் எழுதிவிடுகிறேன்.

ஓசூரிலிருந்து தொரப்பள்ளிக்கு டவுன் பஸ். பஸ்ஸுக்குள் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் ஒரே பேச்சில் கலந்து ஓடுகிறது. முன் இருக்கைப் பெண்மணி கண்டக்டரிடம் தெலுங்கில் சண்டை போட்டு, என்னிடம் தமிழில் நியாயம் கேட்டு, போனில் கன்னடத்தில் முடித்தார். வழியெல்லாம் ரோஜாப் பண்ணைகள்.

1878 டிசம்பர் 10இல் இங்கே பிறந்தார் ராஜகோபாலாச்சாரி. அப்பா சக்கரவர்த்தி வேங்கடார்யா, இந்தக் கிராமத்துக்கு முன்சீப். அம்மா சிங்காரம்மா. பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. சின்ன வீடு. உள்ளே சுவர் நிறையப் புகைப்படங்கள். காந்தியோடு, நேருவோடு, பட்டேலோடு. அத்தனை படங்களிலும் என் கண் ஒன்றையே தேடியது, எங்கள் வீட்டுப் படம் இருக்கிறதா என்று. இல்லை.

ஓசூரில் பள்ளி, பெங்களூர் சென்ட்ரல் காலேஜ், சென்னையில் சட்டம். 1948 ஜூன் 21இல் மவுண்ட்பேட்டனுக்கு அடுத்து இந்தியாவின் கவர்னர் ஜெனரல். அந்தப் பதவியில் இருந்த ஒரே இந்தியர், கடைசி ஆளும் அவரே. 1950 ஜனவரி 26இல் குடியரசு ஆனதும் பதவியே இல்லாமல் போயிற்று. இந்தச் சின்னத் திண்ணையிலிருந்து டெல்லியின் அந்த மாளிகை எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பார்த்தேன். ஆனால் அதைத் தேடி நான் வரவில்லை. பெரிய ஆயாவுக்கு டெல்லி மாளிகை தெரியாது. அவர் வேறு ஒன்றுக்காகக் கும்பிட்டார்.

இரண்டாம் நாள், ஏப்ரல் 11. சேலம்

சேலம் என் சொந்த ஊர் மாதிரி. அதனால் ஊர் சுற்றவில்லை. வெயிலும் விடவில்லை.

1900 வாக்கில் இங்கே வக்கீல் தொழில் தொடங்கினார். நல்ல வருமானம். 1917இலிருந்து 1919 வரை நகராட்சித் தலைவர். சேலம் நகராட்சிக்குள் முதல் தலித் உறுப்பினர் வந்ததற்கு அவர் காரணமாக இருந்தார். அதற்கு முன்பே, 1916இல், வேதியியல், இயற்பியல், கணிதச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் கண்டுபிடிக்க ஒரு சங்கம் வைத்திருக்கிறார். நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். இதைப் படித்த நாள் முதல் எனக்கு அவர்மேல் தனிப் பாசம். பிற்பாடு இதே மனிதர் கட்டாய இந்தியைக் கொண்டுவந்தார் என்பது அதனாலேயே கூடுதலாக வலிக்கிறது. அதைத் திருச்சியில் சொல்கிறேன்.

இப்போது பெரிய ஆயா கதை.

இளம்பிள்ளையில் எங்களுக்கு இரண்டு குழித்தறி. பெரிய ஆயாவின் வீட்டுக்காரர் கை தேர்ந்த நெசவாளி. வாரத்துக்கு ஒரு நாள் கூலி வரும். கூலி வாங்கிய கை வீட்டுக்கு வராது, கள்ளுக்கடைக்குப் போகும். திரும்பி வரும்போது மடியில் காசும் இருக்காது, மனுசனுக்கு நிதானமும் இருக்காது. தறியில் நீளவாக்கில் கட்டிய நூலுக்குப் பாவு என்று பெயர். ஒருநாள் போதையில் அந்தப் பாவையே அறுத்துவிட்டாராம். பாவு அறுந்தால் என்ன என்று தறி தெரியாதவர்களுக்குப் புரியாது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். பெரிய ஆயா விளக்கு வெளிச்சத்தில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பிணைத்திருக்கிறார், அடிபட்ட கன்னத்தோடு.

1937இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அப்போது முதலமைச்சருக்கு அந்தப் பெயர். அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கு வந்தது. மாகாணம் முழுக்க வரவில்லை. முதலில் ஒரே ஒரு மாவட்டத்தில் வைத்துப் பார்த்தார். அது அவருடைய சொந்த மாவட்டம், சேலம். அன்றைய சேலம் என்றால் ஓசூர், தருமபுரி, நாமக்கல், திருச்செங்கோடு எல்லாம் சேர்ந்தது. வருமானம் போகிறதே என்று கேட்டவர்களுக்குப் பதிலாக 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். பிற்பாடு நாடெங்கும் வந்த விற்பனை வரிக்கு அது முன்னோடி.

அக்டோபர் மாதம் முதல் கூலி நாள். கூலி முழுசாக வீட்டுக்கு வந்தது. பெரிய ஆயா அந்தக் காசில் முதலில் வாங்கியது அரிசியோ துணியோ இல்லை. சந்தையில் ஒருவன் படங்களுக்குச் சட்டம் போட்டு விற்றிருக்கிறான். அவனிடம் ராஜாஜி படம். பூஜை மாடத்தில் இடம் இல்லாததால் தறிக்கு மேலே மாட்டினார். தறிக்குழியில் உட்கார்ந்து நிமிர்ந்தால் நேரே அந்தக் கறுப்புக் கண்ணாடி. வீட்டுக்காரருக்குக் காவல் வைத்த மாதிரி.

1971இல் மதுவிலக்கை நிறுத்தி வைக்கப் போகிறார்கள் என்றதும், தொண்ணூற்றிரண்டு வயதில், கொட்டும் மழையில், முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் ராஜாஜி. நடக்கவில்லை. ஆகஸ்ட் 30 முதல் கடைகள் திறந்தன. இன்று மாலை புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டாஸ்மாக் கடை முன்னால் நின்ற கூட்டத்தைத் தாண்டித்தான் லாட்ஜுக்கு வந்தேன். கூட்டத்துக்கு வெளியே, நடைமேடை விளிம்பில், ஒரு பெண் கைக்குழந்தையோடு காத்திருந்தார். யாருக்காக என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. மதுவிலக்கு கள்ளச்சாராயத்தை வளர்க்கும், அரசு வருமானம் போகும் என்கிற வாதங்கள் எனக்கும் தெரியும், அவற்றில் உண்மையும் உண்டு. ஆனாலும் அந்தப் பெண்ணைப் பார்த்த பிறகு நான் பெரிய ஆயா பக்கம்.

மூன்றாம் நாள், ஏப்ரல் 12. புதுப்பாளையம்

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம் காந்தி ஆசிரமம். 1925 பிப்ரவரி 6இல் தொடங்கியது. புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர் நிலம் கொடுத்தார். சேலத்தில் பெரிய வக்கீலாக இருந்தவர், 1920இல் ஒத்துழையாமை என்று தொழிலை உதறிவிட்டு, மனைவியை இழந்தவர், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்தப் பொட்டல் காட்டில் குடிசைக்கு வந்தார்.

மரங்கள் இப்போது பெரிதாகி நிழல் கட்டி நிற்கின்றன. கதர் விற்பனை நடக்கிறது. தேன், சோப்பு என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவர் இருந்த அறையைக் காட்டினார்கள். ஒரு ஆள் படுத்தால் இன்னொரு ஆள் சிரமப்பட்டுத்தான் படுக்க வேண்டும் போலத் தோன்றியது.

கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு என்று மூன்று வேலைகள். ஆசிரமத்தில் சாதி வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் சேர்ந்து இருந்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய சேலம் ஜில்லாக் கிராமத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். இன்றும் சில ஊர்களில் தனித் தம்ளர் முழுசாகப் போய்விடவில்லை.

மழை தவறிய வருடங்களில் சுற்றுவட்டாரப் பெண்கள் இங்கே பஞ்சு வாங்கிப் போய் நூற்று, நூலைக் கொடுத்துக் கூலி வாங்கியிருக்கிறார்கள். மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே 1929இல் இங்கிருந்து ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை வந்தது. அதில் ராஜாஜிக்குத் துணையாக உட்கார்ந்து வேலை செய்த இளைஞர்தான் கல்கி கிருஷ்ணமூர்த்தி.

கதர்க் கடையில் ஒரு துண்டு வாங்கினேன். விரலில் தேய்த்துப் பார்த்தேன். குறுக்கே ஓடும் ஊடு இழை ஒரே சீராக இல்லை, ஆங்காங்கே முடிச்சு முடிச்சாக நின்றது. கையால் நூற்ற நூல் அப்படித்தான். பெரியப்பா பார்த்தால், "இதுல நாடா ஓட்டுறவன் பாவம், கண்ணு" என்பார். ஊடு நூலைக் குறுக்கே கொண்டுபோகும் தறிச் சாமான்தான் நாடா.

பெரியப்பா கதை இங்கேதான் வரவேண்டும்.

1952இல் ராஜாஜி திரும்ப முதலமைச்சர். அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார், ஊரே வாழ்த்தியது. அடுத்த வருடம் கிராமப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம். பிள்ளைகளுக்கு ஒருவேளைதான் பள்ளிக்கூடம், மூன்று மணி நேரம். மீதி நேரம் வீட்டில் அப்பாவின் தொழிலையோ ஊரில் வேறு கைத்தொழிலையோ பழக வேண்டும். இருக்கிற கட்டடத்தையும் வாத்தியாரையும் வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் போட்ட கணக்கு. கணக்கு சரி. ஆனால் அப்பன் தொழில் என்பது இந்த நாட்டில் சாதி. குலக்கல்வி என்று அதற்குப் பெயர் விழுந்தது. பெரியாரும் திமுகவும் கொதித்து எழுந்தார்கள்.

பெரியப்பா அப்போது மூன்றாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரர். காலைப் பள்ளி முடிந்து வந்ததும் தாத்தா ராட்டைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார், நாடாவுக்குள் வைக்கும் தார் நூல் சுற்ற. "சர்க்காரே சொல்லிருச்சு, இன்னும் என்னடா" என்று. அரை நாள் பழகிய பிறகு முழு நாளாகப் போய்விட்டது. பையன் சுற்றுகிற தாருக்கு வெளி ஆளுக்குக் கொடுக்கும் கூலி மிச்சமாயிற்றே. அடுத்த வருடமே திட்டம் போனது, ஆனால் பெரியப்பா பள்ளிக்குத் திரும்பவில்லை. எழுபது வருடம் தறியோடு போயிற்று. என் அப்பா அவருக்கு ஐந்து வயது இளையவர். காமராஜர் காலத்துப் பள்ளி, மதிய உணவு. படித்து வாத்தியார் ஆனார். நானும் வாத்தியார். அந்த ஐந்து வயது வித்தியாசத்தில்தான் எங்கள் குடும்பத்தின் இரண்டு கிளையும் இரண்டு விதமாகப் போயின.

பெரிய ஆயா இருந்தவரை படம் தறிக்கு மேலேயே இருந்தது. அவர் போன மறுவாரம் பெரியப்பா கழற்றினார்.

ஆசிரமத்தில் இரண்டு மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். இங்கே எல்லாச் சாதிக்காரரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்த மனிதர் எப்படி அங்கே அப்படிச் செய்தார்? கைத்தொழில் உயர்ந்தது, அதில் இழிவில்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார் என்று நினைக்கிறேன். ராட்டையைத் தானே விரும்பி எடுத்தவருக்கு அது தவம். எட்டு வயதில் அதன் முன்னால் உட்கார வைக்கப்பட்ட பையனுக்கு அப்படி இல்லை. இந்த வித்தியாசத்தை யாராவது அவருக்கு எடுத்துச் சொல்லியிருப்பார்கள். அவர் கேட்கவில்லை.

நான்காம் நாள், ஏப்ரல் 13. திருச்சி

இந்தத் தேதிக்காகவே பயணத்தை இப்படி அமைத்தேன். 1930 ஏப்ரல் 13. அந்த வருடம் அதுதான் தமிழ்ப் புத்தாண்டு. ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்து சரியாகப் பதினொரு வருடம். காந்தி தண்டியில் உப்பு எடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. திருச்சி கண்டோன்மென்ட்டில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்கள் வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். நூற்றைம்பது மைல். முன்னால் ஐம்பத்தோரு வயது ராஜாஜி. நடந்துகொண்டே பாட நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். கத்தியும் ரத்தமும் இல்லாத யுத்தம் என்ற அந்தப் பாட்டை எங்கள் பள்ளியில் ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் பிள்ளைகள் பாடுகிறார்கள். எந்த நடைக்கு எழுதியது என்று கேட்டால் தெரியாது. இந்த வருடம் சொல்லித் தருவேன்.

விடியற்காலை ஐந்தரைக்கு ஜங்ஷனிலிருந்து கண்டோன்மென்ட் வரை நடந்தேன். தேநீர்க் கடைகள் திறந்திருந்தன. பேப்பர் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இதே திருச்சியிலிருந்து இன்னொரு நடையும் கிளம்பியிருக்கிறது. 1938 ஆகஸ்ட் 1. உறையூரிலிருந்து நூறு பேர், தமிழர் படை என்ற பெயரில். குமாரசாமிப் பிள்ளை தலைமை, பட்டுக்கோட்டை அழகிரிசாமி, மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். நாற்பத்திரண்டு நாள் நடந்து செப்டம்பர் 11இல் சென்னை சேர்ந்தார்கள். யாரை எதிர்த்து? பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய ராஜாஜியை எதிர்த்து. எட்டு வருடத்துக்கு முன்னால் அவர் நடந்த அதே ஊர், அதே மாதிரி நூறு பேர், அதே மாதிரி ஊர் ஊராகத் தங்கல். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைக்காவலில் இறந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் மந்திரிசபை விலகியது, 1940 பிப்ரவரியில் கட்டாயம் நீங்கியது. 1960களில் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்பதை இதே ராஜாஜி முழு மூச்சாக எதிர்த்தார். அதற்காக அந்த இரண்டு உயிரை யாரும் மறந்துவிட முடியாது, மறக்கவும் கூடாது.

இன்னொரு ஏப்ரல் 13உம் உண்டு. 1954. குலக்கல்வி எதிர்ப்பில் ராஜாஜி விலகி, காமராஜர் முதலமைச்சராகப் பதவி ஏற்ற நாள். திருச்சியில் நடை கிளம்பி நாள் பிசகாமல் இருபத்து நான்கு வருடம். பெரியப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் தேதி எனக்கு முன்னமே தெரியும் கண்ணு" என்றார்.

ஐந்தாம் நாள், ஏப்ரல் 14. தஞ்சாவூர், கும்பகோணம்

புத்தாண்டு. தஞ்சாவூரில் பஸ் மாறும்போது கோயில் கோபுரத்தை வெளியிலிருந்தே கும்பிட்டுக்கொண்டேன். காவிரியில் தண்ணீர் இல்லை. மணலும் நாணலும். மேட்டூர் திறக்க ஜூன் ஆக வேண்டும்.

1930 உப்பு நடையின்போது தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் ஒரு உத்தரவு போட்டிருந்தார். நடந்து வருகிறவர்களுக்கு யாராவது சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் சிறை. துண்டுப் பிரசுரம், பத்திரிகை அறிவிப்பு எல்லாம் செய்தார். அடித்தால் வீரம் காட்டுவார்கள், பட்டினி போட்டால் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்ற எண்ணம். தஞ்சை ஜில்லாக்காரனிடம் போய், வீட்டு வாசலைத் தாண்டுகிறவனுக்குச் சோறு போடாதே என்கிறார்! இந்த மண்ணைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

ஜனங்கள் உத்தரவை மீறவும் இல்லை, கேட்கவும் இல்லை. யாரும் யாருக்கும் சோறு போடவில்லை. ஆனால் நடை போகும் சாலையில் மரக்கிளைகளில் பொட்டலங்கள் கட்டித் தொங்கின. ஆற்றங்கரையில் இளைப்பாற உட்கார்ந்தால், எங்கிருந்தோ ஒரு ஆள் சைகை காட்டுவான். அந்த இடத்தில் மண்ணைத் தள்ளினால் உள்ளே அண்டாவில் சோறு. யார் வீட்டு அண்டா, யார் வீட்டு அரிசி, தெரியாது. கும்பகோணத்தில் பந்துலு அய்யர் மட்டும் ஒளிவுமறைவே வேண்டாம் என்று வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்தே போட்டார். சிறைக்கும் போனார்.

மதியம் கும்பகோணத்தில் ஒரு மெஸ்ஸில் இலை போட்டார்கள். மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம், பருப்பு வடை. பரிமாறிய அம்மாவிடம், அந்தக் காலத்தில் உப்புக்கு நடந்தவர்களுக்கு இங்கே சோறு போட்டார்களாமே என்று கேட்டேன். "எங்க மாமியார் சொல்லுவாங்கம்மா. அவங்க மாமியார் கட்டினாங்களாம். புளிச்சோறுதான். கெடாதுல்ல" என்றார்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கெடாது. சித்திரை வெயிலில் கிளையில் தொங்கும் பொட்டலம், எப்போது வருவார்களோ தெரியாத ஆட்களுக்கு. தயிர்ச்சோறு கட்டினால் புளித்துவிடும். எறும்பு ஏறாமல் கட்ட வேண்டும், போலீஸ்காரன் கண்ணில் படாத உயரம், நடக்கிறவன் கைக்கு எட்டுகிற உயரம். இதையெல்லாம் யோசித்துக் கட்டியது யாரோ ஒரு வீட்டுப் பெண்தான். அவள் பேர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பழைய சாலையோரப் புளிய மரங்களைப் பாதிக்குமேல் வெட்டி அகலப்படுத்திவிட்டார்கள். மிச்சம் நிற்பவற்றை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆறாம் நாள், ஏப்ரல் 15. வேதாரண்யம்

நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி. மூன்று பஸ். திருத்துறைப்பூண்டி தாண்டியதும் காற்றே மாறுகிறது, உதட்டில் லேசாக உப்பு.

1930இல் ராஜாஜியும் தொண்டர்களும் இங்கே வந்து சேர்ந்தது ஏப்ரல் 28. வரவேற்றுத் தங்க வைத்து எல்லாம் பார்த்துக்கொண்டவர் உள்ளூர்க்காரர் வேதரத்தினம் பிள்ளை. உப்பு அள்ள இந்த ஊரே தோது என்று சொன்னதும் அவர்தான். அதற்கு விலையாகச் சிறை, சொத்து பறிமுதல். சர்தார் என்று மக்கள் அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். 1946இல் பெண் குழந்தைகளுக்காகக் கஸ்தூர்பா காந்தி பேரில் கன்யா குருகுலம் தொடங்கினார், இன்றும் நடக்கிறது. மாலையில் அந்தப் பக்கம் போனபோது சீருடைப் பிள்ளைகள் வரிசையாகக் குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் வைரப்பன். சவரத் தொழிலாளி. சத்தியாகிரகிகளை அடிக்கும் போலீசாருக்குச் சவரம் செய்வதில்லை என்று இருந்தவர். சாதாரண உடையில் வந்த ஒருவருக்குப் பாதி முகம் மழித்தபோது அவர் போலீஸ்காரர் என்று தெரிந்துவிட்டது. கத்தியை மடக்கிவிட்டார். மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, மீதியை முடி என்றார்களாம். பெட்டியை மேஜைமேல் வைத்து, நீங்களே செய்துகொள்ளுங்கள் என்றாராம். ஆறு மாதச் சிறை. ஊரில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ராஜாஜியைப் பற்றிக் கேட்டால் சட்டமன்ற மொழியில் பேசுகிறவர்கள், வைரப்பனைச் சொந்தக்காரர் போலச் சொல்கிறார்கள்.

கோயிலுக்குப் போனேன். அப்பர் பாடித் திறந்து, சம்பந்தர் பாடி அடைத்த கதவு. வேதாரண்யம் விளக்கழகு என்பார்கள், சாயங்கால தீபாராதனை அப்படித்தான் இருந்தது. 1939 ஜூலை 8இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றபோது, அவர்கள்மேல் வழக்கு வராமல் சட்டம் கொண்டுவந்து காத்தது ராஜாஜி அரசு. கதவுக்கு முன்னால் நிற்கும்போது அதுவும் நினைவுக்கு வந்தது, பெரியப்பா கையில் ராட்டையும் வந்தது. ஒன்று வந்து இன்னொன்றை அழிக்கவில்லை.

ஏழாம் நாள், ஏப்ரல் 16. அகஸ்தியம்பள்ளி

ஏப்ரல் 30 விடியற்காலை, ஒரு சிறு குழுவோடு, வேதாரண்யத்தை ஒட்டிய இந்த அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்கு வந்து ராஜாஜி உப்பு அள்ளினார். கைது செய்தார்கள். ஆறு மாதம், திருச்சிச் சிறை. அவருக்குப் பின்னால் நாள் தவறாமல் தொண்டர்கள் வந்து அள்ளினார்கள். தடியடி பட்டும் மூடிய கையைத் திறக்கவில்லை. ருக்மிணி லட்சுமிபதியும் இங்கேதான் சிறைபுகுந்தார்.

நினைவுத்தூண் இருக்கிறது. அதை வணங்கிவிட்டு அளத்துக்கு இறங்கினேன். காலை எட்டு மணிக்கே வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. கண்ணுக்கெட்டியவரை பாத்திகள். பெண்கள் சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, நீண்ட பலகையால் உப்பை வாரி வரப்பில் ஒதுக்குகிறார்கள். பலகை உரசும் சத்தம், ஈர மணலில் வண்டி இழுப்பது மாதிரி. வாரிய உப்பு உடனே வெள்ளையாக இல்லை, சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. தண்ணீர் வடிய வடியத்தான் வெளுக்கிறது.

வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்த ஒரு பெரியம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பாதம் முழுக்க வெடிப்பு. "காலு உப்புல ஊறி ஊறி இப்படி ஆயிடுதும்மா. கண்ணும் மங்கிப் போச்சு, வெள்ளையையே பாத்துக்கிட்டு இருக்கமே" என்றார். மழை தொடங்கினால் வேலை இல்லை. கூலி போதுமா என்று கேட்டதற்குச் சிரித்தார். உப்புக்கு வரி கூடாது என்று நூறு பேர் நடந்து வந்த இடத்தில், உப்பு வாருகிற கைக்கு இன்னும் கட்டுப்படியாகவில்லை.

தூக்குவாளியில் பழைய சோறு. இரண்டு வாய் சாப்பிடு என்று வற்புறுத்தினார். சாப்பிட்டேன்.

பையிலிருந்த படத்தை எடுத்துக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வெயிலுக்கு மறைத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "இது அந்த அய்யருல்ல, உப்பு எடுக்க வந்தவரு. வருசா வருசம் கொடி புடிச்சிக்கிட்டு வருவாங்க. கறுப்புக் கண்ணாடி போட்டிருக்காரே. நல்லது, இங்க வெளிச்சம் ஆகாது" என்றார்.

அங்கிருந்தே பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். உப்பளத்துப் பெரியம்மா சொன்னதைச் சொன்னேன். மரத்தில் கட்டிய புளிச்சோறைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அந்தாளு செத்தப்ப பெரியார் அழுதாரு, தெரியுமா?" என்றார் திடீரென்று. 1972 டிசம்பர். சக்கர நாற்காலியில் சுடுகாடு வரை வந்து அழுதார். "விடுதலை பேப்பர்ல படிச்சேன். எனக்கு அன்னிக்கு வெளங்கல. ஆயுசு பூரா எதிர்த்த ஆளுக்கு எதுக்கு அழணும்னு."

"இப்ப?"

"இப்பவும் படத்தை மாட்டச் சொல்லாத. நான் மாட்ட மாட்டேன்."

"சரிங்க பெரியப்பா."

"குப்பையிலயும் போட வேண்டாம். எங்க ஆயா கை பட்டது. நீயே வெச்சுக்க." கொஞ்சம் நிறுத்தினார். "உப்பளத்துலயா நிக்கற? அப்ப கல்லுப்பு ரெண்டு கிலோ வாங்கிட்டு வா. தூளு வேண்டாம். மாங்கா வந்துருச்சு, உங்க பெரியம்மா ஊறுகா போடணும்னா."

அந்த உப்பளத்துப் பெரியம்மாவே துண்டில் அள்ளிக் கட்டிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்தார், கையைப் பிடித்துத் திணித்தேன். புதுப்பாளையத்தில் வாங்கிய கதர்த் துண்டு அது. திருத்துறைப்பூண்டி வருவதற்குள் உப்புத் தண்ணீர் கசிந்து மடியெல்லாம் நனைந்துவிட்டது. படத்தை மேல் தட்டுக்கு மாற்றி வைத்தேன்.